அரிசிக்கு வளைஞ்ச முனை

கண்ணாடியை நெத்தியில ஏத்திவைச்சுக்கொண்டு வீடு முழுக்கக் கண்ணாடி தேடுற வயசுக்கு நாங்கள் எல்லாரும் வந்திட்டம். ஜெர்மனியில வளந்த எங்கட வயசுச் செற் ஆக்கள் ஒரு கலியாண வீட்டில சந்திச்சால் இப்ப கதைக்கிறது முழங்கால் நோவும் பிள்ளையளின்ர படிப்பும்தான். எனக்கு அது அலுத்துப்போச்சு. அதால இண்டைக்கு ஒரு கோடை விடுமுறைக் கதை சொல்லுறன். வீடு உங்களுக்குத் தெரிஞ்ச வீடுதான். கெல்லர் எண்டு நாங்கள் சொல்லுற நிலக்கீழ் அறையில அரிசி மூட்டை, குசினிக் கதவுப் பிடியில கறிவேப்பிலைக் கட்டில இருந்து கழட்டிச் சேத்த றப்பர் பாண்ட், டெலிபோனுக்குப் பக்கத்தில முடிஞ்சுபோன டெலிபோன் காட் ஒரு அடுக்கு. அந்த வீட்டுக்கு வில்லோட வந்த என்ர மாமாவின்ர கதை இது.

வில்லெண்டால் உண்மையான வில்லு. மாமா அம்மாவின்ர கடைசித் தம்பி. டென்மார்க்கில ஜன்னல் செய்யிற தொழிற்சாலையில வேலை. தொழிற்சாலை பூட்டுற கோடையில ஒவ்வொரு வருஷமும் பீலெஃபெல்டுக்கு எங்களிட்ட வந்து நிப்பார். வரேக்க நீலப் பேணியில பிஸ்கட் வரும். அந்த வருஷம் பிஸ்கட் பேணியோட ஒரு நீளக் கறுப்புப் பெட்டியும் வந்துது. உள்ள வயலின் இருக்கு, எனக்குத்தான் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார் எண்டு நான் பயந்துபோனன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை பரதநாட்டியம், நடுவில மிருதங்கம் பழகிற பெடியளுக்காகக் காத்திருக்கிறது எண்டு மூச்சு விட நேரமில்லாமல் திரிஞ்ச காலம். உங்களுக்குச் சொல்ல வேணுமே.

பெட்டியைத் திறந்தால் வில்லு. ரெண்டு நுனியிலயும் சின்னச் சில்லு வைச்சு, கயிறு குறுக்கும் மறுக்குமாய் ஓடுற புது மாதிரி வில்லு. அப்பா அதைச் சுத்திச் சுத்திப் பாத்திட்டு, சைக்கிள் செய்ய வெளிக்கிட்டு அரைவாசியில விட்டிட்டாங்கள் எண்டார். மாமா சிரிக்கேல்லை. வில்லைத் துடைச்சுத் திரும்பவும் பெட்டிக்குள்ள வைச்சார். அவர் சிரிக்காமல் இருந்ததுதான் எனக்கு முதல் புதினம். ஏனெண்டால் என்ர மாமா, செத்த வீட்டிலயும் ஒரு மூலையில நிண்டு ஆக்களைச் சிரிக்க வைக்கிற மனிசன்.

டென்மார்க்கில பரீட்சை எடுத்து அட்டை வைச்சிருந்தால் வில்லால மான் வேட்டையாடலாம். ஜெர்மனியில ஏலாது, இங்கை துவக்கால சுட மட்டும்தான் விடுவினம். மாமாவோட வேலை செய்யிற டெனிஷ்காரர் அவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பழக்கிவிட்டிட்டினம். அம்மாவுக்கு இது துண்டறப் பிடிக்கேல்லை. எங்கட வீட்டில செவ்வாயும் வெள்ளியும் மரக்கறி. கோயில் திருவிழா எண்டால் இருபத்தைஞ்சு நாளும் மரக்கறி. பாவத்தைத் தேடிக் காட்டுக்குள்ள போறான் எண்டு அம்மா குசினிக்குள்ள நிண்டு பாத்திரங்களுக்குச் சொன்னா. மாமா கதிரையில இருந்தபடியே, "உங்கட பிறீசருக்குள்ள கிடக்கிற ஆடு தற்கொலை செய்ததோ அக்கா?" எண்டு கேட்டார். அண்டைக்கு மாமாவின்ர சாப்பாட்டுக் கோப்பையில இறைச்சி கொஞ்சம் குறைவாய் விழுந்துது.

அவர் சிரிக்காததின்ர காரணம் ரெண்டாம் நாள் தேத்தண்ணி குடிக்கேக்க வெளியில வந்துது. போன இலையுதிர் காலத்தில அவர் ஒரு மானுக்கு அம்பு விட்டவர். அம்பு சரியான இடத்திலதான் பட்டது. ஆனால் நுனியில பூட்டியிருந்த முனை, மலிவு எண்டு வாங்கினது, விலா எலும்பில பட்ட உடனை அதில ஒரு அலகு, கத்தி மாதிரி வெட்டுற தகடு, கழண்டுபோச்சு. மான் ஓடிட்டுது. அங்கத்தைச் சட்டப்படி, மோப்பம் பிடிக்கப் பழக்கின நாயைக் கூப்பிட வேணும். நாய் வந்து அடுத்த நாள் விடியத்தான் கண்டுபிடிச்சுது. அப்பவும் மானுக்கு உயிர் இருந்துது.

இதைச் சொல்லேக்க மாமா கோப்பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு இருந்தார். தேத்தண்ணி ஆறி மேல ஆடை படிஞ்சுபோச்சு. "அம்பு பிழைச்சால் நோகிறது எனக்கில்லைத்தானே" எண்டார். இந்த முறை நம்பி ஏத்தக்கூடிய ஒரு முனை கிடைச்சால்தான் காட்டுக்குப் போறது, கிடைக்காட்டி வில்லை வித்துப்போட்டு எல்லாரையும் மாதிரி வீட்டில இருந்து படம் பாக்கிறது எண்டு முடிவெடுத்திட்டார். அம்மா அந்த நேரம் குசினியில. கேட்டவவோ எண்டு எனக்கு அப்ப தெரியாது.

பீலெஃபெல்டுக்கு வெளியில, காட்டுப் பக்கம் போற றோட்டில, ஒரு வில்லுக்கடை இருந்துது. வெளிநாட்டுக்கு வேட்டைக்குப் போற ஜெர்மன்காரர் சாமான் வாங்கிற இடம். மாமா மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மொழிபெயர்ப்பு எங்கட செற்றுக்கு வேலையில்லை, விதி. டொக்டரிட்ட அம்மாவின்ர நாரி நோவு, கந்தோரில அப்பாவின்ர விசா எண்டு நாங்கள் அவையளின்ர வாயாய் இருந்த காலம். ஆனால் அந்தக் கடையில நான் முழிச்சன். கடைக்காரர் சொன்ன விலா எலும்பு, நுரையீரல் எல்லாம் எனக்கு ஜெர்மனில விளங்கிச்சுது, தமிழ்தான் வரேல்லை. நான் என்ர நெஞ்சைத் தொட்டுக் காட்டினன். மாமா தன்ர நெஞ்சைத் தொட்டு ஒவ்வொண்டாய்ப் பேர் சொன்னார். கடைக்காரர் எங்கள் ரெண்டு பேருக்கும் ஏதோ வருத்தம் எண்டு நினைச்சிருப்பார்.

தாடி வைச்ச, மெல்லக் கதைக்கிற மனிசன் அவர். மாமாவின்ர டெனிஷ் அட்டையை வாங்கி வடிவாய்ப் பாத்திட்டு, மூண்டு வகை முனையை எடுத்து மேசையில வைச்சார். மூண்டும் அம்பின்ர நுனியில திருகிப் பூட்டுறது. முதலாவதில மூண்டு மெல்லிய அலகு தனித்தனியாய்ச் செருகியிருக்கும், மழுங்கினால் அலகை மாத்தலாம். ரெண்டாவது, அலகு ரெண்டும் மடிஞ்சு உள்ள படுத்திருக்கும், மிருகத்தில பட்டவுடனை விரியும். மூண்டாவது ஒரே இரும்புத் துண்டு. கழட்ட ஒண்டுமில்லை, விரிக்க ஒண்டுமில்லை, ரெண்டு பக்கமும் கூர். வெத்திலையை நீட்டி இழுத்த மாதிரி இருந்துது.

கடைக்காரர் ரெண்டாவதைத்தான் புகழ்ந்தார். இப்ப எல்லாரும் இதுதான் வாங்கினம், நேராய்ப் பறக்கும், பெரிசாய் வெட்டும் எண்டார். மாமா மூண்டாவதைக் கையில வைச்சு உருட்டிக்கொண்டே இருந்தார். முதலாவதுக்கு அலகு வாங்கிக் கட்டாது, ரெண்டாவது ஒருக்காப் பட்டால் எறியிறது, இது நானே தீட்டித் தீட்டிப் பத்து வருஷம் பாவிப்பன் எண்டு எனக்குத் தமிழில சொன்னார். கொஞ்சம் பொறுத்து, "முக்கியமாய், கழண்டு போக இதில ஒண்டும் இல்லை" எண்டார். அதை நான் மொழிபெயர்க்கேல்லை. கடைக்காரர் நல்ல மனிசன், பிரிச்சுவைச்ச பைக்கற்றுகளில இருந்து ஒவ்வொண்டு தந்து, அடிச்சுப் பாத்திட்டு வந்து பிடிச்சதை வாங்கச் சொன்னார்.

அந்தக் கிழமை அம்மா வீட்டில இல்லை. டோர்ட்மண்டில தெரிஞ்ச அக்கா ஒராளுக்குப் பிள்ளை பிறந்து, சரக்குக்கறி காய்ச்சிக் குடுக்கப் போயிருந்தா. அம்மா இல்லாத வீடு எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். அப்பா மூண்டு நேரமும் முட்டை பொரிச்சார். மாமா சாலை எண்டு நாங்கள் சொல்லுற முன் அறையில இருந்த கண்ணாடி மேசையின்ர பின்னல் விரிப்பை எடுத்துப்போட்டு, முனை பூட்டின அம்பை நுனியில நிறுத்திப் பம்பரம் மாதிரிச் சுத்துவார். ஆடாமல் சுத்தினால் முனை நேர். நான் தரையில படுத்துக் கண்ணை மேசை மட்டத்துக்கு வைச்சு ஆடுதோ எண்டு பாத்துச் சொல்லுவன். மூண்டாவது முனை சுத்தேக்க அசையுதெண்டே தெரியாது.

பிறகு கூர் பாக்கிற வேலை. ஒரு மரப்பெட்டியில றப்பர் பாண்டை இழுத்து மாட்டி, அதில அலகை மெல்ல வைக்க வேணும். நல்ல கூர் எண்டால் அமத்தாமலே பட்டெண்டு அறும். அம்மா வருஷக்கணக்காய்ச் சேத்த றப்பர் பாண்டெல்லாம் ஒரு பின்னேரத்தில முடிஞ்சுது. மாமா எண்ணெய் பூசின கல்லில முனையை இழுக்கிற சத்தம் இப்பவும் எனக்குக் காதுக்குள்ள இருக்கு. அந்த எண்ணெய் மணமும் பொரிச்ச முட்டை மணமும் கலந்த அந்த வீட்டைப் போல சந்தோஷமான வீட்டில நான் பிறகு இருந்திருக்கிறன், ஆனால் கனதரம் இல்லை.

இனி அடிச்சுப் பாக்க வேணும். வில்லு விளையாட்டுக் கழகத்தில கேட்டம். வேட்டை முனை எண்டால் தங்கட பலகையெல்லாம் கிழிஞ்சுபோகும், ஏலாது எண்டிட்டினம். அப்பாவோட வேலை செய்த ஜெர்மன்காரர் ஒராளுக்கு ஊருக்கு வெளியில சின்னப் பண்ணை இருந்துது. அவர் தன்ர பெரிய கொட்டிலில அடிக்கலாம் எண்டார். போய் வைக்கோல் கட்டுக்கு அடிச்சால், அம்பு வைக்கோலை அறுத்துக்கொண்டு அங்காலப் பக்கம் போய் நிண்டுது. வைக்கோல் காணாது, அமத்திப் பிடிக்கிற பாரமான சாமான் ஒண்டு வேணும் எண்டார் மாமா.

அப்பாவின்ர முகத்தில ஒரு வெளிச்சம் வந்துது. எங்கட கெல்லரில ஒரு அரிசி மூட்டை கிடந்தது. வண்டு பிடிச்ச அரிசி. ஒரு வருஷமாய் அம்மா அதை எறிய விடேல்லை. வெயில் வரட்டும், புடைச்செடுக்கிறன் எண்டு சொல்லுவா. வெயில் வரும், போகும், மூட்டை அங்கையேதான். பக்கத்து வீட்டு மனிசி வண்டு வருதெண்டு வந்து முறைப்பட்டும் அம்மா அசையேல்லை. எங்கட வீட்டிலயே அப்பாவின்ர கண்ணுக்கு ஆகாத ஒரே சாமான் அதுதான். உங்கட அக்காவுக்கு ஒரு பிடி அரிசியை எறிய மனம் வராது, அவ்வளவு கஞ்சத்தனம் எண்டு மாமாவுக்குச் சொல்லிச் சிரிச்சார். அம்மா வரமுந்தி அலுவலை முடிக்க வேணும் எண்டு ரெண்டு பேரும் மூட்டையைக் காருக்குள்ள ஏத்திச்சினம். படியெல்லாம் அரிசி சிந்திச்சுது. நான் பின்னால கூட்டிக்கொண்டு போனன்.

கொட்டிலுக்குள்ள மூட்டையை வைக்கோலில சாத்தி நிமித்தி வைச்சார் அப்பா. வெளியில பண்ணைக்காரர் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு நிண்டார், ஒருத்தர் கதைக்கிறது ஒருத்தருக்குக் கேக்காது. மாமா முதலாவது முனையை விட்டார். அரிசிக்குள்ள ஒரு முழம் போய் நிண்டுது, இழுத்துப் பாத்தால் பழுதில்லை. ரெண்டாவது விரிஞ்சு பளபளவெண்டு வந்துது. மூண்டாவதை விடமுந்தி மாமா என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். அம்பு மூட்டையின்ர நடுவில போய் ஏறிச்சுது. அவ்வளவு ஆழம் போகேல்லை. இழுத்து எடுத்தார்.

முனையின்ர நுனி சுருண்டிருந்துது. ஒரு பக்கக் கூரில ஒரு பல்லும் விழுந்திருந்துது.

மாமா அதை வெளிச்சத்தில பிடிச்சு நெடுநேரம் பாத்தார். உழவு இயந்திரம் நிண்டபிறகுதான் மாமா கதைச்சார். "அரிசிக்கு வளையிற இரும்பு, எலும்புக்கு என்ன செய்யும்?" எண்டார். எனக்கு அழுகை வந்துது. அந்த முனை மேசையில ஆடாமல் சுத்தினதை நான்தான் பாத்துச் சொன்னனான், ஒரு கிழமையாய் அதுதான் எங்கட முனை எண்டு நினைச்சிருந்தன். காரில வரேக்க மாமா, கடைக்காரன் சொன்னதுதான் சரி, விரியிறதையே வாங்குவம் எண்டார். ஆனால் குரலில ஒரு விருப்பமும் இல்லை. வில்லுப் பெட்டியை அண்டைக்கு அவர் துடைக்கவும் இல்லை. அரிசி மூட்டையைக் கோழிக்குப் போடச் சொல்லிப் பண்ணைக்காரரிட்டயே விட்டிட்டு வந்தம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா வந்தா. அடுத்த நாள் டோர்ட்மண்டில ஒரு சாமத்தியவீடு, பொம்பிளைப் பிள்ளை பெரிசாகின கொண்டாட்டம். உடுப்புப் பெட்டியை வைச்சிட்டு நேரை கெல்லருக்கு இறங்கிப் போனா. கொஞ்ச நேரத்தால மேல வந்து, காலில செருப்போடயே சாலைக் கதிரையில இருந்தா. எங்கட அம்மா செருப்போட சாலைக்குள்ள வந்து நான் முன்னமும் பாக்கேல்லை, பிறகும் பாக்கேல்லை.

"அந்த வண்டு மூட்டை எங்கை?"

அப்பா பெருமையாய்ச் சொன்னார், அதுக்கு ஒரு வழி பண்ணியாச்சு, இப்ப கோழி தின்னும் எண்டு. அம்மா அவரை நிமிந்து பாத்தா. "அதுக்குள்ளதான் என்ர தாலிக்கொடி இருக்கு" எண்டா. கத்தேல்லை. தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு கேக்கிற குரலிலதான் சொன்னா.

தமிழ் ஆக்களின்ர வீட்டில நகை இருக்கும் எண்டு கள்ளருக்குத் தெரிஞ்ச காலம் அது. கொண்டாட்டம் நடக்கிற நாள் பாத்து வீடு உடைப்பினம். அலுமாரியிலயும் மெத்தைக்குக் கீழயும்தான் தேடுவினம். வண்டு பிடிச்ச அரிசி மூட்டையை எந்தக் கள்ளன் தொடுவான்? ஊரில அரிசிப் பானைக்குள்ள நகை ஒளிச்ச ஆக்களின்ர பிள்ளை அம்மா. ஒரு எவர்சில்வர் பேணிக்குள்ள எல்லாத்தையும் போட்டு, இறுக்கி மூடி, மூட்டையின்ர நடுவில புதைச்சு வைச்சிருந்தா. வேலைக்குப் போகேக்க மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில, கொண்டாட்டம் எண்டால் கெல்லருக்கு இறங்கி எடுத்துப் போடுவா. வண்டு அவவின்ர காவல்காரர்.

எல்லாரும் காரில ஏறிப் பண்ணைக்கு ஓடினம். வழியில அப்பா, எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே எண்டார், மனம் நொந்துதான் கேட்டார். உங்களுக்குச் சொன்னால் உங்கட கூட்டாளிமார் முழுப்பேருக்கும் சொன்ன மாதிரி எண்டா அம்மா. அது உண்மைதான். இப்ப யோசிச்சால் அது மட்டும் காரணமில்லை. அந்தக் கொடியைப் பாவாடைக் கரைக்குள்ள தைச்சு, எத்தினை எல்லை தாண்டி, எத்தினை பேரின்ர கையைத் தாண்டி இங்கை கொண்டுவந்தவ. ஒருத்தருக்கும் சொல்லாததாலதான் அது தப்பினது. வாழ்க்கையில ஒருக்கா அப்பிடித் தப்பினால், பிறகு கட்டின புருஷனிட்டயும் வாய் திறக்காது. அப்பா அதைக் கஞ்சத்தனம் எண்டார். நானும் அப்ப அப்பாவின்ர பக்கம்தான்.

பண்ணை முற்றத்தில ஒரு பெரிய தட்டத்தைச் சுத்திக் கோழியள். எங்கட அரிசிதான். அம்மாவின்ர கை என்ர தோளில வந்து இறுக்கிச்சுது. பண்ணைக்காரர் மூட்டையைத் திறந்து சவளால அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், கால்வாசி முடிஞ்சுபோச்சு. அப்பா கொட்டிலுக்குள்ள ஓடிப்போய்த் தோள்மூட்டு வரைக்கும் கையை மூட்டைக்குள்ள விட்டார். அவர் முகத்தையே நாங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டம். பிறகு மெல்லக் கையை இழுத்தார். பேணி வந்துது.

பேணியின்ர வயித்தில ஒரு வெட்டு. சின்ன வாய் திறந்த மாதிரி, ரெண்டு பக்கமும் உள்ளுக்கு மடிஞ்சு.

அம்மா வைக்கோல் கட்டில குந்தி, மூடியைத் திறந்து ஒவ்வொண்டாய் எடுத்துப் பாத்தா. தாலிக்கொடிக்கு ஒண்டும் இல்லை. தோடு, சங்கிலி ஒண்டுக்கும் பழுதில்லை. அவவின்ர கலியாணக் காப்பில மட்டும் ஒரு வெட்டு, நகம் உள்ள போகிற அளவுக்கு. அம்மாவின்ர கண் நிறைஞ்சுபோச்சு. நிமிந்து தம்பியைப் பாத்தா. தம்பி காப்பைப் பாக்கேல்லை, பேணியைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சுக்கொண்டு நிண்டார்.

"என்ர காப்பு வெட்டுப்பட்டுக் கிடக்கு, நீ பேணியையோ பாக்கிறாய்?"

"அக்கா, அது அரிசிக்கு வளையேல்லை அக்கா" எண்டார் மாமா. "எவர்சில்வரைக் கிழிச்சு, உங்கட காப்பையும் வெட்டிப்போட்டுத்தான் வளைஞ்சிருக்கு."

இனித்தான் எனக்கு இண்டைக்கும் நம்ப ஏலாத விஷயம். அம்மா பேசப்போறா, கோதாரி விழுந்த வில்லை உடைக்கப்போறா எண்டு நான் நினைச்சன். அவ நகையெல்லாத்தையும் கைக்குட்டையில முடிஞ்சு தன்ர கைப்பைக்குள்ள வைச்சு, பையைத் தோளில போட்டு, அதுக்கு மேல கையையும் வைச்சா. பிறகு பேணியை மாமாவின்ர கையில இருந்து பறிச்சு, அரிசியால நிரப்பி மூடி, மூட்டைக்குள்ள முன்னம் இருந்த உயரத்தில புதைச்சா. சுத்தி அரிசியை அமத்தினா. "மற்ற ரெண்டையும் இதுக்கு அடி" எண்டா. "ஒண்டுக்கு எவர்சில்வர், ரெண்டுக்கு அரிசி எண்டால் அது என்ன பரீட்சை?"

உழவு இயந்திரம் இந்த முறை ஓடேல்லை. மாமா காரிலயே கிடந்த வில்லுப் பெட்டியை எடுத்துவந்து, விரியிற முனையை விட்டார். ணங் எண்டு கேட்டுது. இழுத்தால் ஒரு அலகு இல்லை, மற்றது பிணைச்சலில தொங்கிக்கொண்டு வந்துது. பேணியில ஒரு குழிதான், ஓட்டை இல்லை. முதலாவது முனையில அலகு ரெண்டு சிதறிப்போச்சு, தண்டு கோணிப்போச்சு. பேணியில சின்னதாய் ஒரு ஓட்டை. அம்மா வைக்கோலுக்குள்ள இருந்து கழண்ட அலகு ஒண்டைப் பொறுக்கி உள்ளங்கையில வைச்சுப் பாத்தா. போன வருஷம் நீ கொண்டுபோனது இந்தச் சாதியோ எண்டு கேட்டா. மாமா ஓம் எண்டார். அப்பத்தான் எனக்கு விளங்கிச்சுது, அண்டைக்குக் குசினியில நிண்டு அவ எல்லாத்தையும் கேட்டிருக்கிறா.

"ஒற்றை இரும்பையே வாங்கு" எண்டா அம்மா. சுருண்ட நுனியைப் பெருவிரலால தடவிப்போட்டு, கல்லில ரெண்டு இழுவை இழுத்தால் மீன் வெட்டலாம் எண்டும் சொன்னா. பண்ணைக்காரருக்கு இதில ஒரு சொல்லும் விளங்கேல்லை. அரிசிக்குள்ள பொன் விளையுமோ எண்டு என்னட்டைக் கேட்டார். நான் மொழிபெயர்த்துச் சொல்ல, அம்மா முதல் தரமாய்ச் சிரிச்சா. சனிக்கிழமை காலமை சாமத்தியவீட்டுக்குப் போறவழியில, அம்மா காஞ்சிபுரம் சேலையோட வில்லுக்கடை வாசலில காருக்குள்ள இருந்தா. மாமாவும் நானும் உள்ள போய் மூண்டாவது வகையில ஒரு செற் வாங்கிக்கொண்டு வந்தம். கடைக்காரருக்கு உடைஞ்ச ரெண்டையும் காட்டினம். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, எதுக்கு அடிச்சனீங்கள் எண்டு கேட்டார். நான் அதை மொழிபெயர்க்கவே இல்லை, சிரிச்சுப்போட்டு வந்திட்டன்.

அந்த முனையள் இப்பவும் மாமாவிட்ட இருக்கு. தீட்டித் தீட்டிக் கொஞ்சம் மெலிஞ்சுபோச்சு, அவ்வளவுதான். ரெண்டு ஓட்டையும் ஒரு குழியும் விழுந்த பேணிக்குள்ள அம்மா உள்ளி போட்டு வைக்கிறா, காத்துப் போறதால முளைக்கிறதில்லையாம். வண்டு மூட்டை பிறகு வீட்டில இல்லை. நகையை அதுக்குப் பிறகு எங்கை ஒளிச்சவ எண்டு எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அப்பா இப்ப வீட்டில எதையாவது எறியிறதெண்டால், கிழிஞ்ச தலைகாணியாய் இருந்தாலும், அம்மாவிட்ட ரெண்டு தரம் கேட்டுத்தான் எறிவார்.

காப்பு மட்டும் என்ர கையில இருக்கு. அதின்ர கதையோட முடிக்கிறன்.

இலை எல்லாம் கொட்டின ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டெலிபோன் அடிச்சுது. அம்மா புட்டுக்கு மாக் குழைச்ச கையோட போய் எடுத்தா. மாமா எண்டு குரலிலயே விளங்கிச்சுது. அவர் எப்ப வேட்டைக்குப் போனதோ, எவ்வளவு பெரிய மான் எண்டதோ ஒண்டையும் அம்மா கேக்கேல்லை. நான் பக்கத்திலதான் நிண்டன்.

"நொந்ததோ?" எண்டு மட்டும் கேட்டா.

மாமா சொன்னது எனக்கும் கேட்டுது. "இல்லை அக்கா. புல்லுத் திண்டுகொண்டு நிண்டது. தலையை நிமித்திப் பாத்துது. நாலடி வைச்சுது, அப்பிடியே படுத்திட்டுது."

அம்மா சரி எண்டு சொல்லி, சாப்பிட்டியோ எண்டு கேட்டு, டெலிபோனை வைச்சா. காப்பில இருந்த வெட்டை ஒட்டக் குடுக்கவெண்டு அப்பா அடுத்த நாள் டோர்ட்மண்ட் நகைக்கடைக்குப் போறதாய் இருந்தவர். காப்பு கடதாசியில சுத்தி மேசையில தயாராய்க் கிடந்தது. அம்மா கடதாசியைப் பிரிச்சு, மாக் கையோடயே காப்பைக் கையில போட்டுக்கொண்டு திரும்பவும் குசினிக்குப் போனா.

"அது அப்பிடியே கிடக்கட்டும்" எண்டா.